தேடி வந்த முதல் பரிசு

"சார், இப்போ கடைக்கு வராதீங்க. அவரு வந்திருக்காரு."

போனில், கடையில் படங்களுக்கு டச்சப் செய்யும் பெண்ணின் குரல் கிசுகிசுத்தது. கடைக்கு இன்னும் முப்பதடி இருக்கும்போதே ஸ்டூடியோக்காரர் சைக்கிள் ரிப்பேர் கடையின் ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டார்.

"யாரு வந்திருக்காரு?"

"நம்ம முதல் பரிசு."

அவர் அங்கே தொங்கிய டயர்களுக்குப் பின்னால் இன்னும் நகர்ந்துகொண்டார்.

"கோபமா இருக்கானா?"

"எப்படி சார் சொல்றது? சாதாரணமா இருக்கறப்ப அவரு எப்படி இருப்பாருன்னு நமக்குத் தெரியாதே."

அதுவும் சரிதான். ஸ்டூடியோக்காரர் வந்த வழியே திரும்பி, ஓடாத மாதிரி ஓடினார்.

இருபத்திரண்டு வருடமாக அவர் அந்தத் தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் படம் எடுக்க வருகிறவர்கள்தான் வாடிக்கை. "காது தெரியணும். சிரிக்காதீங்க. கண்ணை மூடாதீங்க." நாளுக்கு நாற்பது தடவை இதைச் சொல்லிச் சொல்லி, ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது மனைவியிடமும் "சிரிக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். அவள் சிரித்துப் பல நாள் ஆகியிருந்ததால் அது பெரிய சண்டையாகவில்லை.

நாற்பத்தைந்து வயதில் அவருக்குக் கலைஞராகும் ஆசை வந்தது. ஊர்ப் புகைப்படச் சங்கத்தில் சேர்ந்தார். அந்த வருடப் போட்டிக்குத் தலைப்பு 'விளிம்பில் வாழும் முகங்கள்'. சங்கச் செயலாளர் கூட்டத்தில் எழுந்து, "தெருவுக்குப் போங்கள். அந்த மனிதர்கள் பக்கத்தில் உட்காருங்கள், பேசுங்கள், பழகுங்கள். அதன் பிறகுதான் கேமராவைத் தொடவேண்டும்" என்று உருகினார். ஸ்டூடியோக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

தெருவுக்குப் போகவும் செய்தார். பக்கத்தில் உட்காரத்தான் தைரியம் வரவில்லை. மேம்பாலத்துக்கு எதிரே நின்ற ஒரு லாரியின் பின்னால் ஒளிந்துகொண்டு, முழ நீள லென்ஸை மாட்டி, பாலத்தடியில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஒருவரைக் குறிபார்த்தார். ஆறடிக்குக் குறையாத உடம்பு. மார்பு வரை தாடி. புருவத்தில் தொடங்கிக் கன்னத்தில் இறங்கும் தழும்பு. ஒரே ஒரு கிளிக். அந்த மனிதர் தலையைத் திருப்புவதற்குள் இவர் இரண்டு தெரு தாண்டியிருந்தார்.

படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டதும் டச்சப் பெண் உற்றுப் பார்த்தாள்.

"சார், இவரு தும்மப் போறாரு."

"அது சீற்றம்மா. சமூகத்து மேல இருக்கற சீற்றம்."

"மூக்கு விடைச்சிருக்கே சார்."

"சீறினாலும் மூக்கு விடைக்கும். நீ கறுப்பை ஏத்து."

அவள் ஏற்றினாள். மற்ற நாளெல்லாம் மருவையும் கருவளையத்தையும் அழித்துக்கொண்டிருந்த கை அது. இப்போது சுருக்கங்களை ஆழமாக்கியது, தழும்பை அரை அங்குலம் நீட்டியது, கண்ணில் ஒரு பளபளப்பை வைத்தது. வேலை முடிந்தபோது இருவருமே நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்கள்.

'சீற்றம்' முதல் பரிசு வாங்கியது. கதவளவு பெரிதாக்கிக் கண்காட்சி மண்டபத்தின் வாசலிலேயே மாட்டினார்கள். அதோடு விடவில்லை. கண்காட்சிக்கு விளம்பரமாக அதே முகத்தைப் பேருந்து நிறுத்தங்களிலும் சுவர்களிலும் ஒட்டினார்கள். ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த முகம் இவரை முறைத்தது. அந்த முகத்துக்கு உரியவரும் இதே ஊரில் நடமாடுகிறவர்தான் என்பது மட்டும் அவருக்கு அதுவரை தோன்றவே இல்லை.

அன்று வந்தவர் போய்விட்டாரென்று தெரிந்து அரைமணி கழித்துத்தான் அவர் கடைக்குள் கால் வைத்தார்.

"என்ன கேட்டான்? ஒண்ணு விடாம சொல்லு."

"இந்தப் படத்தை எடுத்தது யாருன்னு கேட்டாரு. வெளியே போயிருக்காருன்னேன். வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டிருந்தாரு."

"நான் வர்றேனான்னு பார்த்திருக்கான்."

"அப்புறம் கடைக்குப் பின்வாசல் இருக்கான்னு கேட்டாரு."

ஸ்டூடியோக்காரர் வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "நீ என்ன சொன்னே?"

"இருக்குன்னு கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். பார்த்துட்டு 'நல்லது'ன்னாரு."

"காட்டினியா?"

"கேட்டாரே சார். இன்னொண்ணும் கேட்டாரு. சொன்னா பயப்படுவீங்க."

"ஏற்கெனவே பயந்துதான் இருக்கேன். சொல்லு."

"பக்கத்துல எங்கேயாவது சவரக்கத்தி கிடைக்குமான்னு."

அவர் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று.

அன்றைக்கே கண்காட்சி மண்டபத்துக்கு ஓடினார். படத்தை எடுத்துவிடச் சொன்னால் காரணம் கேட்பார்கள். அதனால் வேறு வழியைப் பிடித்தார்.

"சார், படத்துக்குக் கீழே என் பேரு வேண்டாம். விலாசம் சுத்தமா வேண்டாம். யாரோ ஒருத்தர் எடுத்ததுன்னு போட்டா போதும்" என்று செயலாளரின் கையைப் பிடித்துக் கெஞ்சினார்.

செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தக் காலத்துல இப்படி ஒரு அடக்கமா! நீங்க போங்க, நான் பார்த்துக்கறேன்."

மறுநாள் அவர் போய்ப் பார்த்தபோது, 'சீற்ற'த்துக்குப் பக்கத்தில் அவருடைய படத்தையே ஆளுயரத்துக்கு மாட்டியிருந்தார்கள். 'பெயரைக்கூட விரும்பாத கலைஞர்' என்று மேலே தலைப்பு. கீழே கொட்டை எழுத்தில் பெயர், ஸ்டூடியோ விலாசம், கடை திறக்கும் நேரம், சாப்பாட்டுக்கு மூடும் நேரம்.

"உங்க படத்துக்குத்தான் சார் கூட்டமே" என்றார் மண்டபக் காவலாளி பெருமையோடு. "ஒரு அம்மா தினமும் வர்றாங்க. படத்துக்கு முன்னால நின்னா நகரவே மாட்டேங்கறாங்க. பக்கத்துல போய் உத்து உத்துப் பார்க்கறாங்க. இன்னிக்கு உங்க விலாசத்தை ஒரு சீட்டுல எழுதி எடுத்துக்கிட்டாங்க."

"அம்மாவா? எப்படி இருந்தாங்க?"

"வயசானவங்க. கையில ஒரு பை வச்சிருந்தாங்க. பாலத்தடிக்கு எப்படிப் போகணும்னுகூடக் கேட்டாங்க."

கூட்டாளி! ஸ்டூடியோக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். ஒருவர் இருவராகிவிட்டார்கள். பையில் என்ன இருக்கும் என்று யோசிக்கக்கூட அவருக்குத் துணிவில்லை.

இனிமேல் போலீஸ்தான். ஸ்டேஷனில் இருந்த போலீஸ்காரர் நிதானமான மனிதர். காகிதத்தை இழுத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"என்ன புகார்?"

"ஒருத்தர் என்னைக் கொல்லப் பார்க்கறாரு."

"அடிச்சாரா?"

"இல்லீங்க."

"மிரட்டினாரா?"

"இன்னும் பேசவே இல்லை."

"நேர்ல பார்த்திருக்கீங்களா?"

"ஒரே ஒரு தடவை. லென்ஸ் வழியா."

போலீஸ்காரர் பேனாவைக் கீழே வைத்தார். ஸ்டூடியோக்காரர் எதிர்ச்சுவரைக் காட்டினார். அங்கேயும் அந்த விளம்பரம் ஒட்டியிருந்தது.

"இவரா?" போலீஸ்காரர் எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார். "ஆமா, கொலைகார முகமாத்தான் இருக்கு."

"அது... நாங்க கொஞ்சம் கறுப்பு ஏத்தினது..."

"என்ன?"

"ஒண்ணுமில்லீங்க."

"படம் எடுக்கறதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

ஸ்டூடியோக்காரர் தரையைப் பார்த்தார். தரை சுத்தமாக இருந்தது.

"சரி, போங்க. நான் பக்குவமா பேசிக்கறேன்."

அவருடைய பக்குவம் மறுநாள் காலை போனில் வந்தது. "கவலைப்படாதீங்க. பாலத்தடிக்குப் போய் அவர்கிட்ட பேசிட்டேன். எது இருந்தாலும் நேர்ல உட்கார்ந்து தீர்த்துக்கச் சொல்லிட்டேன். கடையில உங்களைப் பிடிக்கவே முடியலையாம். அதனால வீட்டு விலாசத்தைக் கொடுத்திருக்கேன். மனுஷனுக்கு எவ்வளவு சந்தோஷம்னு நினைக்கறீங்க!"

போனை வைத்த கையோடு வாசல் கதவு தட்டப்பட்டது.

மனைவி அடுக்களையிலிருந்து வெளியே வருவதற்குள் ஸ்டூடியோக்காரர் கட்டிலுக்கு அடியில் போயிருந்தார். ஒரு பழைய சூட்கேஸுக்கும் சுவருக்கும் நடுவில் குப்புறக் கிடந்து, முன்னறையில் நடந்த பேச்சை ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"வீட்டுக்காரரு இருக்காருங்களா?" கரகரத்த குரல்.

"இல்லீங்களே. வெளியே போயிருக்காரு" என்றாள் மனைவி. அவள் பொய் சொல்வதில் கெட்டிக்காரி என்பது இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவருக்கு ஆறுதலாக இருந்தது.

"வீட்டுல மொத்தம் எத்தனை பேரும்மா?"

"நாங்க ரெண்டே பேருதான்."

"வந்து போறவங்க அதிகமோ?"

"இங்க யாரு வர்றா?"

"நல்லது. பரண் இருக்குங்களா?"

"இருக்கு. பழைய சாமான் போட்டு வச்சிருக்கோம்."

"ஒரு ஆள் நீட்டிப் படுக்கற அளவு இருக்குமா?"

கட்டிலுக்கு அடியில் ஸ்டூடியோக்காரர் சூட்கேஸைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

மனைவி வந்தவரை ஏற இறங்கப் பார்த்திருக்க வேண்டும். "உங்களுக்குப் பத்தாது" என்றாள். "எங்க வீட்டுக்காரருக்குன்னா கச்சிதமா இருக்கும்."

வாசற்கதவு சாத்தும் சத்தம் கேட்டுப் பத்து நிமிடம் கழித்து, முதுகெல்லாம் ஒட்டடையோடு அவர் வெளியே வந்தார்.

"ரொம்ப மரியாதையான மனுஷன்" என்றாள் மனைவி. "தண்ணி கேட்டாரு. குடிச்சுட்டு டம்ளரைக் கழுவித் துடைச்சு வச்சுட்டுப் போறாரு. நீங்களும்தான் இருக்கீங்களே."

"கைரேகையை அழிச்சிருக்கான்!"

"அப்புறம் அந்தப் படத்தை எத்தனை பேரு பார்த்திருப்பாங்கன்னு கேட்டாரு. ஊரே பார்த்தாச்சுன்னேன். தலையில கையை வச்சு உட்கார்ந்துட்டாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு." அவள் அவர் முதுகிலிருந்த ஒட்டடையைத் தட்டிவிட்டாள். "ஏங்க, நேரா அவர்கிட்ட போய் 'தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சிருங்க'ன்னு சொன்னா என்ன?"

"சொல்லி முடிக்கறதுக்குள்ள குத்திட்டா?"

"அப்போ சுருக்கமா சொல்லுங்க."

அவர் சொல்லப் போகவில்லை. கண்ணாடி முன்னால் போய் நின்று, இருபத்தைந்து வருட மீசையை எடுத்தார். மண்டபத்தில் தொங்கும் படத்தில் மீசை இருக்கிறது. இனி அதை வைத்து யாரும் தன்னை அடையாளம் காண முடியாது. ஒரு பையில் இரண்டு சட்டைகளைத் திணித்தார். ஒரு மாதம் மனைவியின் சித்தப்பா வீட்டில் தலைமறைவாக இருப்பதாக ஏற்பாடு. போகிற வழியில் கடையில் நுழைந்து அந்தப் படத்தின் மூலத்தை அழித்துவிட வேண்டும்.

மீசையில்லாத முகத்தைப் பார்த்து மனைவி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தாள். இந்தப் பயத்துக்கு நடுவிலும் அவருக்கு அது கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது.

கடையில் டச்சப் பெண் நிமிர்ந்து பார்த்து, "பாஸ்போர்ட்டுக்கா சார்? அந்த ஸ்டூல்ல உட்காருங்க" என்றாள்.

"நான்தாம்மா."

"ஐயோ!" என்று அவள் எழுந்து நின்றாள். எதற்காக அந்த ஐயோ என்று அவர் கேட்கவில்லை.

கம்ப்யூட்டரில் மூலப் படத்தைத் திறந்தார். அழிக்கும் பொத்தானின் மேல் விரலை வைத்தவர், அழுத்தாமல் நின்றார். கறுப்பு ஏற்றாத அந்த முகத்தை அவர் சரியாகப் பார்த்ததே இல்லை. களைத்த முகம். விடைத்த மூக்கு, பாதி மூடிய கண்கள். போட்டிக்காக வெட்டிவிட்ட கீழ்ப்பகுதியில் அவர் கை; கையில், நாலாக மடித்த ஒரு சுத்தமான கைக்குட்டை. பக்கத்தில் யார் மேலும் தெறித்துவிடக் கூடாதென்று அதை மூக்கருகே கொண்டுபோகிறார். தும்மல்தான். ஐயத்துக்கு இடமில்லாத, மரியாதையான தும்மல்.

ஸ்டூடியோக்காரருக்கு நெஞ்சில் ஏதோ உறுத்தியது. இவ்வளவு பக்கத்தில் பார்த்தும் நான் என்ன பார்த்தேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே டச்சப் பெண் ஜன்னலிலிருந்து அலறினாள்.

"சார்! வந்துட்டாரு! ஓடி வர்றாரு!"

உறுத்தல் பறந்துவிட்டது. அவரும் பறந்தார். பின்வாசலுக்குப் போகும் வழியில்தான் பழைய இருட்டறை. ஃபிலிம் காலம் போன பிறகு அதில் கிழிந்த திரைச்சீலைகளும் உடைந்த விளக்குகளும்தான் கிடந்தன. உள்ளே பாய்ந்து கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளுக்குக் கை போவதற்குள் கதவு வெளியிலிருந்து தள்ளப்பட்டது. அறையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு ஓர் உடம்பு உள்ளே வந்தது. தாழ்ப்பாளை அதுவே போட்டது.

கும்மிருட்டு. ஒரு பெரிய கை அவர் வாயைப் பொத்தியது.

"சத்தம் போடக்கூடாது."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"நீங்க யாரு?" என்று அந்தக் கரகரத்த குரல் காதருகே கேட்டது. கை கொஞ்சம் விலகியது.

"க... கஸ்டமர். பாஸ்போர்ட்டுக்கு..."

"போட்டோக்காரரு எங்கே?"

"ஊருக்குப் போயிட்டாரு."

"அப்போ அவரு வர்ற வரைக்கும் நாம இங்கேயே இருக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"எவ்வளவு நாளானாலும்."

ஸ்டூடியோக்காரர் இருட்டிலேயே கைகூப்பினார். "நான்தாங்க போட்டோக்காரன்" என்று அழுகிற குரலில் சொன்னார். "மீசையை எடுத்துட்டேன். தெரியாம படம் எடுத்துட்டேன். மன்னிச்சிருங்க. எல்லாத்தையும் கிழிச்சுடறேன், ஊர் முழுக்கப் போய்க் கிழிச்சுடறேன்."

"இனிமே கிழிச்சு என்ன பிரயோஜனம்?" என்றது குரல். கோபமில்லாமல், ஆழக் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. உடனே கை மறுபடியும் வாயை மூடியது. "உஷ்! வந்தாச்சு."

கடை வாசலில் காலடிச் சத்தம். மெதுவாக, செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்த சத்தம். கையில் பையோடு அந்தக் கூட்டாளி! ஸ்டூடியோக்காரர் நடுங்கினார். உதடும் கையும் சேர்ந்து ஆடின. நடுங்குவது தன் உதடா, அதைப் பொத்தியிருக்கும் கையா என்று கொஞ்ச நேரம் அவருக்குப் பிடிபடவில்லை. பிறகு புரிந்தது. இரண்டும்தான்.

வெளியே ஒரு பெண்குரல், மூச்சு வாங்க வாங்க, "இங்கதானேம்மா ஓடி வந்தான்?" என்று கேட்டது.

"ஆமா. உள்ளே இருட்டறையில ரெண்டு பேரு இருக்காங்க" என்றாள் டச்சப் பெண். கேட்டால் சொல்லிவிடுகிற பெண் அவள். "ஒருத்தர் எங்க சார்."

"இன்னொருத்தன் என் தம்பி."

கதவு மெதுவாகத் தட்டப்பட்டது. அந்த ஆறடி உடம்பு குறுகி, மடங்கி, ஐந்தடி நான்கு அங்குல ஸ்டூடியோக்காரரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. தாடி அவர் பிடரியில் உரசியது.

"இல்லைன்னு சொல்லுங்க சார்" என்று குரல் கெஞ்சியது. "உங்க காலைப் பிடிச்சுக் கேட்கறேன். உங்க படத்தாலதான் மாட்டிக்கிட்டேன், நீங்கதான் ஒளிச்சு வைக்கணும்னுதான் உங்களைத் தேடினேன். அக்கா மூஞ்சியை நான் எப்படிப் பார்ப்பேன்?"

ஸ்டூடியோக்காரருக்கு ஏன் என்று விளங்கவில்லை. ஆனால் பயம் என்றால் என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக வேறொருவருக்காகத் தைரியமாகப் பேசினார்.

"இங்கே யாரும் இல்லீங்க!"

கதவின் மேல் ஒரு நெற்றி சாய்வது போல மெல்லிய ஓசை கேட்டது. பிறகு அந்த வயதான குரல், சாவித் துவாரத்தின் வழியாக வந்தது.

"டேய், பரீட்சை ரிசல்ட் ஒட்டின அன்னிக்குக் காலையில உன் நம்பரைக் காணோம்னு வீட்டை விட்டு ஓடினியே, இதைச் சொல்லத்தான்டா அக்கா இருபத்தேழு வருஷமா உன்னைத் தேடி அலையறேன்: அன்னிக்கு மத்தியானமே லிஸ்ட்டைத் திருத்தி ஒட்டிட்டாங்க, நீ பாஸ்!"